கவியரசரின் பாட்டனார்

நம் ஊரிலிருந்து உற்றார் உறவினர் கல்கத்தாவுக்கு வந்தால் அவர்களை நாம் அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். காளிகட்டம், தட்சிணேசுவரம், பேலூர் மடம், விக்டோரியா மண்டபம். பிறகு சித்பூர் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் புகுந்து ஜோராசாங்கோ தாகூர் மாளிகை. அங்கே ரவீந்திரநாதர் பிறந்த இடத்தையும் உயிர் நீத்த அறையையும் கண்டு, கைகூப்பி வெளியே வருகிறோம். அச்சந்தின் பெயர் என்னவென்று நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருப்போம்? துவாரகாநாத் தாகூர் சந்து என்பது அதன் பெயர்.

அப்பெயருக்கு உரியவர் கவியரசரின் பாட்டனார். மகரிஷி தேவேந்திரநாதரின் தந்தையார். 1794-ஆம் ஆண்டு இந்நகரில் பிறந்து, 1846-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் மறைந்தவர். நிலக்கிழார், நீலத் தொழில் முதலாளி, சட்ட நிபுணர், வங்கியதிபர், கப்பலுடையார், பொதுவாழ்வில் முன்னணித் தலைவர் என ஒருவரே இத்தனையுமாக விளங்கினார். பேரனாரின் புகழொளியில் பாட்டனாரின் உருவம் மங்கிவிட்டது. கவியரசரே தம் எழுத்துக்களில் இவரைப் பற்றி மிக அருகியே பேசுகிறார். எளியேன் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து ரயில்வேக் கச்சேரியில் சேர்ந்தவன். சரித்திரப் புலவன் அல்லேன். ஆயினும் ராணிகஞ்ச் நிலக்கரி வேகன்களின் கணக்கை எழுதிப் பழகிய கைக்கு, அந்தச் சுரங்கம் ஒரு காலத்தில் யாருடையதாயிருந்தது என்றறியும் ஆவல் எழுந்தது. தேடப்புகுந்ததில் கிடைத்த செய்திகளையே சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன்.

நீல்மணி தாகூர் என்பவர் பாதுரியாகட்டாவிலிருந்த பங்காளிகளிடமிருந்து பிரிந்து 1784-ஆம் ஆண்டு ஜோராசாங்கோவில் குடியேறினார். அவருடைய மூத்த மகன் ராம்லோசனருக்குப் பிள்ளையில்லை. ஆகவே தம்பி ராம்மணியின் மகனான துவாரகாநாதரை அவர் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். சுவீகாரத் தந்தை 1807-ல் காலமானபோது பையனுக்கு வயது பதின்மூன்று. சித்பூர் சாலையில் ஷெர்போர்ன் என்னும் பறங்கியர் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் கற்றுவந்த அப்பிள்ளைக்கு வங்காளத்திலும் ஒரிசாவிலும் நிலம் காத்திருந்தது. வயது வந்ததும் அவற்றின் நிர்வாகத்தைத் தாமே ஏற்றார்.

நிலத்தைக் காக்கச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார். 1793-ஆம் ஆண்டு காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை ஏற்படுத்தினார். நம் பக்கத்திலும் 1802-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அதே முறை வந்தது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகள் ஜமீன்களானது அவ்வழியேதான். அத்திட்டத்தில் ஒரு கூர்மையான முள் இருந்தது. குறித்த நாளில் சூரியன் மறையுமுன் கிஸ்தியைக் கட்டாத ஜமீன் ஏலத்துக்கு வந்துவிடும். மழை பொய்த்தது, வெள்ளம் வந்தது என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது. வங்கத்துப் பழைய ராஜகுடும்பங்கள் பல இவ்வாறே நிலம் இழந்தன. ஏலத்தில் எடுத்தவர்கள் பெரும்பாலும் கல்கத்தாவில் பணம் சேர்த்தவர்கள்; கச்சேரி வழக்கம் அறிந்தவர்கள்.

துவாரகாநாதர் ராபர்ட் கட்லர் பெர்குஸன் என்னும் ஆங்கில பாரிஸ்டரிடம் பழகி, நிலவரிச் சட்டங்களையும், சுப்ரீம் கோர்ட்டு முதல் ஜில்லாக் கோர்ட்டு வரை நடைமுறைகளையும் கற்றார். அங்கி அணிந்து வழக்காடிய பாரிஸ்டர் அல்லர் அவர். ஜமீன்தார்களின் வழக்குகளையும் தஸ்தாவேஜுகளையும் கவனிக்கும் சட்ட முகவராகத் தொழில் நடத்தினார். ஒரு பாத்தியத்தில் எங்கே பலவீனம், எந்த மனுவை எந்த நாளுக்குள் போடவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. பிறர் நிலத்தைக் காத்துக்கொடுத்த அந்த அறிவே அவருடைய சொந்த நிலத்தையும் பெருக்கியது. 1830-ல் ராஜஷாஹி ஜில்லாவில் காளிகிராமம் பரகணாவையும், 1834-ல் ஷாஹஜாத்பூரையும் வாங்கினார்.

இதற்கிடையே கம்பெனி உத்தியோகமும் பார்த்தார். 1823-ல் இருபத்துநான்கு பரகணா ஜில்லாவின் கலெக்டரிடமும் உப்பு ஏஜெண்டிடமும் சிரஸ்தார் ஆனார். நம் ஜில்லாக்களில் கலெக்டருக்கு அடுத்தபடி சிரஸ்தார்தான் சர்க்கார் என்று கிராமத்தார் நினைத்தது உண்டல்லவா? வங்கத்திலும் அப்படியே. 1828-ல் சுங்கம், உப்பு, அபினி ஆகியவற்றின் வாரியத்துக்குத் திவான் ஆகி, 1834-ல் வேலையை விட்டார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே வியாபாரமும் செய்தார். அக்காலத்தில் அது குற்றமாகக் கருதப்படவில்லை. சீனத்துக்கு அபினி ஏற்றிச் சென்ற 'வாட்டர் விட்ச்' என்ற விரைவுக் கப்பலில் அவருக்குப் பங்கு இருந்தது. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அந்நாளில் கல்கத்தாவின் பெருஞ்செல்வம் எதைத் தோண்டினாலும் அடியில் அபினியோ நீலமோ தட்டுப்படும்.

நீலத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். துவாரகாநாதரின் ஏற்றமும் வீழ்ச்சியும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. நம் தென்னாற்காட்டுப் பக்கத்தில் அவுரி என்பார்களே, அதே செடிதான். வங்கத்தில் அதனை வெட்டி, கட்டுக்கட்டாகத் தொட்டியில் போட்டு நீரில் ஊறவைப்பார்கள். புளித்து வடிந்த நீரை அடுத்த தொட்டியில் விட்டு, கூலியாட்கள் இடுப்பளவு நீரில் நின்று துடுப்பால் மணிக்கணக்கில் அடிப்பார்கள். அடியில் படியும் நீல வண்டலைக் காய்ச்சி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து உலர்த்திப் பெட்டியில் அடைத்தால், ஐரோப்பாவின் சாயத் தொட்டிகளுக்குக் கப்பல் ஏறும். நெசவாலைகள் பெருகிய காலம். பொன்னுக்கு நிகரான சரக்கு.

செடி வளர்க்கும் முறையில்தான் கொடுமை இருந்தது. நீலக்குத்தி முதலாளி குடியானவனுக்குத் தாதன் என்னும் முன்பணம் கொடுப்பார். வாங்கியவன் தன் நல்ல நிலத்தில் நெல்லை விட்டு அவுரி விதைக்க வேண்டும். விளைச்சலுக்கு முதலாளி வைத்ததே விலை, அளந்ததே அளவு. கணக்குத் தீர்க்கும்போது பாக்கி நிற்கும். அந்தப் பாக்கிக்காக மறு ஆண்டும் விதைக்க வேண்டும். அப்பன் வாங்கிய தாதன் மகன் தலையில் விழும். துவாரகாநாதருக்கும் ஷிலைதஹம் முதலிய இடங்களில் நீலத் தொழில் இருந்தது.

1829-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் கல்கத்தா டவுன் ஹாலில் ஒரு கூட்டம் கூடிற்று. ஐரோப்பியர் இந்தியாவில் தடையின்றிக் குடியேறவும் நிலம் வைத்துக்கொள்ளவும் உரிமை வேண்டும் என்று பார்லிமெண்டுக்கு விண்ணப்பிப்பதே நோக்கம். அங்கே துவாரகாநாதர் எழுந்து, தம் ஜமீன்கள் உள்ள ஜில்லாக்களில் நீலச் சாகுபடியாலும் ஐரோப்பியரின் வாசத்தாலும் நாட்டுக்கும் குடிகளுக்கும் நன்மை விளைந்திருக்கிறது என்று சாட்சி சொன்னார். ராஜாராம் மோகன் ராயும் அதே கருத்தை ஆதரித்துப் பேசினார். அவர்கள் மனத்தில் இருந்ததை நாம் ஓரளவு புரிந்துகொள்ளலாம். கம்பெனியின் ஏகபோகம் உடையவேண்டும். மூலதனமும் தொழில்நுட்பமும் நாட்டுக்குள் வரவேண்டும். படித்த இந்தியரும் ஐரோப்பியரும் தோளோடு தோள் நின்று தொழில் செய்யவேண்டும் என்பது அவர்கள் கனவு. ஆனால் அக்கூட்டத்தில் குடியானவன் சார்பில் பேச ஒருவரும் இல்லை. வழக்கில் இரு கட்சிக்காரரையும் கேட்டே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று கற்ற சட்ட நிபுணர், இவ்வழக்கில் ஒரு கட்சியாகவும் சாட்சியாகவும் தாமே நின்றுவிட்டார் என்பது என் எண்ணம்.

1830-க்குப் பின் நான்கே ஆண்டுகளில் கல்கத்தாவின் பெரிய ஆங்கில ஏஜென்ஸிக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாயின. அந்த இடிபாட்டிலிருந்துதான் துவாரகாநாதர் எழுந்தார். 1834-ல் வில்லியம் கார் என்பவருடன் சேர்ந்து 'கார், தாகூர் அண்டு கம்பெனி'யைத் தொடங்கினார். இந்தியர் ஒருவர் வெள்ளையரோடு சமபங்காளியாக, ஐரோப்பிய முறையில் வியாபார நிலையம் அமைத்ததை அப்போதைய கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு பாராட்டி எழுதினார். அதற்கு முன் நம்மவர்கள் வெள்ளைக்காரர் கம்பெனிகளில் துபாஷிகளாகவும் பனியன்களாகவும் இருந்தவர்களே. பணம் நம்முடையது, பெயர்ப்பலகை அவர்களுடையது. இங்கே தாகூர் என்ற பெயர் பலகையில் ஏறிற்று. 1829-ல் தோன்றிய யூனியன் பாங்கிலும் அவர் கையே ஓங்கியிருந்தது. சர்க்கரை, உப்பு, அஸ்ஸாம் தேயிலை, ஹூக்ளியில் கப்பல்களை இழுத்துவரும் நீராவிப் படகுகள் எனப் பலவற்றில் கை வைத்தார்.

1836-ல் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை எழுபதினாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். 1843-ல் போட்டிக் கம்பெனியொன்றுடன் இணைந்து அது பெங்கால் கோல் கம்பெனியாயிற்று. தோண்டிய கரியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. தாமோதர நதியில் மழைக்காலத்தில் மட்டுமே படகு ஓடும்; மற்ற மாதங்களில் கரி கரையிலேயே குவிந்து கிடக்கும். முதன்முறை இங்கிலாந்து சென்றபோது ரயிலைக் கண்ட துவாரகாநாதர் அதனை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு வரவில்லை. கல்கத்தாவிலிருந்து நிலக்கரி வயல்களுக்கு இருப்புப்பாதை போடுவதானால் மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தம் கம்பெனி திரட்டித் தரும் என்று 1844-ல் ஸ்டீவன்ஸன் என்பவருக்குத் தெரிவித்தார். பின்னாளில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயை உருவாக்கிய ஸ்டீவன்ஸன் அவரேதான். நம்மில் பலருக்குச் சோறு போடும் தொழிலின் முதல் ஏடுகளில் இப்படி ஒரு வங்காளியின் பெயர் இருக்கிறது.

பொதுவாழ்வில் அவர் செய்தவை சிறியன அல்ல. 1823-ல் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்ட சட்டத்தை எதிர்த்து ராம்மோகன் ராயுடன் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுச் செய்தவர் அறுவர். அவருள் இவர் ஒருவர். உடன்கட்டை ஏறுதலை 1829-ல் பெண்டிங்க் தடை செய்தபோது வைதிகர் எதிர்ப்புக்கு அஞ்சாமல் அதை ஆதரித்தார். மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்தில், பிணத்தைத் தொட்டால் சாதி போகும் என்று மாணவர் தயங்கியபோது, பரிசுப் பணம் வழங்கி ஊக்கினார். 1845-ல் மேற்படிப்புக்காகக் கப்பலேறிய நான்கு மாணவரில் இருவரின் செலவு அவருடையது.

எனினும் இங்கும் ஒரு முடிச்சு உண்டு. 1836-ல் வந்த ஒரு சட்டம், வெளி ஜில்லாக்களில் வாழ்ந்த ஐரோப்பியர் உரிமை வழக்குகளில் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்யும் தனிச்சலுகையை நீக்கி, இந்தியரைப் போலவே சதர் கோர்ட்டுக்குப் போகச் சொன்னது. வெள்ளையர் அதனைக் 'கறுப்புச் சட்டம்' என்று வைது கூச்சலிட்டனர். துவாரகாநாதர் அவர்கள் பக்கமே நின்றார். ஐரோப்பியரின் உரிமையைக் குறைப்பதால் நமக்கு ஒன்றும் கூடாது, அவர்களுக்குள்ளதை நமக்கும் தரவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீலக்குத்தி துரையோடு வழக்காட எந்தக் குடியானவன் கல்கத்தா வரை வந்து சுப்ரீம் கோர்ட்டு ஏற முடியும்?

1838-ல் நிலவுடைமையாளர் சங்கம் தோன்றியது. சாதி, மதம், நிறம் பாராமல் நிலத்தில் உரிமையுள்ள எவரும் சேரலாம் என்றது அதன் விதி. மானியங்களைச் சர்க்கார் திரும்பப் பறிப்பதை எதிர்த்து, மனுவும் கூட்டமுமாக முறைப்படி போராடியது. நம் நாட்டில் அரசியல் சங்கம் என்பதன் முதல் பாடம் அதுவே எனலாம். 1842-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது, அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் புகழ்பெற்ற பேச்சாளரான ஜார்ஜ் தாம்ஸனைத் துவாரகாநாதர் உடன் அழைத்து வந்தார். மறு ஆண்டு அவருடைய ஊக்கத்தால் பெங்கால் பிரிட்டிஷ் இந்தியா சங்கம் பிறந்தது. இவ்விரண்டின் வழித்தோன்றலாக 1851-ல் பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷன் அமைந்தது.

அதன் கிளையாகவே நம் சென்னைப் பட்டினத்தில் 1852-ல் சென்னைச் சுதேசி சங்கம் தொடங்கிற்று. அதை நிறுவிய கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் துணியிலும் நீலத்திலும் வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர்தான் என்பது வியப்பான ஒற்றுமை. ஆனால் அச்சங்கம் பேசியது வேறு பேச்சு. சென்னை ராஜதானியில் நேரே சர்க்காருக்கு வரி கட்டிய குடியானவர்கள், வரி பாக்கிக்காகக் கிட்டி போடப்பட்டும் வெயிலில் குனிந்து நிற்க வைக்கப்பட்டும் வதைபட்டதை அது பார்லிமெண்டு வரை கொண்டுபோயிற்று. விசாரணைக் கமிஷன் அமைந்து, 1855-ல் அந்தச் சித்திரவதைகள் உண்மையே என்று அறிக்கை வந்தது. செட்டியார் தம் செல்வத்தையெல்லாம் பொதுக்காரியத்தில் கரைத்து 1868-ல் வறுமையில் மறைந்தார். வங்கத்தார் முன் நம் ஊர்ப் பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. அங்கே சர்க்காருக்கும் குடிக்கும் நடுவே ஜமீன்தார் இல்லை. இங்கே சங்கம் அமைத்தவரே ஜமீன்தார். நின்ற இடம் வேறாதலின் கண்ட காட்சியும் வேறாயிற்று.

அவருடைய இல்லறத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வைணவ ஆசாரம் மிக்க குடும்பம் அது. வியாபாரம் பெருகி வெள்ளையரோடு விருந்துண்ணும் பழக்கம் வந்தபின், மனைவியார் திகம்பரி தேவி பண்டிதர்களைக் கலந்து, கணவருக்குச் செய்யவேண்டிய பணிவிடைகளைத் தவறாது செய்துகொண்டே, அவரோடு கலந்து வாழ்வதை விட்டார். 1839-ல் அவ்வம்மையார் காலமானார். பேல்காச்சியாத் தோட்ட மாளிகையில் விளக்குகள் எரிந்த இரவுகளில் ஜோராசாங்கோவின் உள்கட்டு எப்படி இருந்திருக்கும் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் என்னைவிட நன்றாக ஊகிப்பார்கள்.

1842-ல் தம் சொந்தக் கப்பலான 'இந்தியா'வில் புறப்பட்டு ஐரோப்பா சென்றார். விக்டோரியா மகாராணியும் போப்பாண்டவரும் அவரை வரவேற்றனர். பிரிஸ்டலில் கேட்பாரற்றுக் கிடந்த ராம்மோகன் ராயின் உடலுக்குத் தக்க சமாதி எழுப்பினார். அடுத்த பயணத்தில், பாரிஸில், அப்போது இளைஞராயிருந்த மாக்ஸ் முல்லர் அவரை அடிக்கடி சந்தித்தார். துவாரகாநாதர் இத்தாலிய இசையை நன்றாகப் பாடுவாராம். ஒருநாள் இந்தியப் பாட்டு ஒன்றைப் பாடும்படி வேண்டவே, பாடினார். தமக்கு அதில் ராகமோ இன்பமோ தெரியவில்லை என்றார் மாக்ஸ் முல்லர். உங்கள் சங்கீதம் முதலில் எனக்கும் பிடிக்கவில்லை, விடாமல் கேட்டுக் கற்றேன். நீங்களோ புதிதாக ஒன்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள் என்ற பொருளில் அவர் சீறியதை மாக்ஸ் முல்லரே பிற்காலத்தில் எழுதிவைத்தார். ஆங்கிலேயரோடு அத்தனை ஒட்டி உறவாடியவர் உள்ளத்தில் இந்த நெருப்பும் இருந்தது.

1846-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் லண்டனில் உயிர் நீத்தார். ஊரார் வழக்கப்படி எரியூட்ட வழியின்றி, கென்ஸல் கிரீன் இடுகாட்டில் அடக்கம் நடந்தது. ஒன்றரை ஆண்டுக்குள், 1848 ஜனவரியில், யூனியன் பாங்கும் கார் தாகூர் கம்பெனியும் விழுந்தன. பாங்கின் பணம் நீலக் கம்பெனிகளுக்குக் கடனாகப் போய் முடங்கியிருந்தது. லண்டனில் விலை சரிந்ததும் எல்லாம் சேர்ந்து சரிந்தது. மொத்தக் கடன் ஒரு கோடி, வரவேண்டியது எழுபது லட்சம் என்று தேவேந்திரநாதர் தம் சுயசரிதையில் கணக்குச் சொல்கிறார்.

சட்டம் அறிந்த தந்தை ஒரு காரியம் செய்துவைத்திருந்தார். 1840-லேயே பிராஹிம்பூர், காளிகிராமம், ஷாஹஜாத்பூர், ஒரிசா நிலம் ஆகியவற்றைக் கடன்காரர் தொடமுடியாதபடி மக்கள் பெயரில் டிரஸ்டாக எழுதிவிட்டார். தேவேந்திரநாதரோ கடன்காரர் கூட்டத்தில், அந்த டிரஸ்டு நிலங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்டவர்கள் மனம் இளகி, நிர்வாகத்தைத் தாங்கள் ஏற்று, குடும்பத்துக்கு ஆண்டுக்கு இருபத்தையாயிரம் ரூபாய் விட்டுக்கொடுத்தனர். பின்னர் நிர்வாகம் குடும்பத்திடமே திரும்பியது. பல்லாண்டுகள் சிக்கனமாக வாழ்ந்து கடன் தீர்க்கப்பட்டது. தந்தை தருமத்துக்கென்று வாக்களித்திருந்த ஒரு லட்சத்தையும் மகன் வட்டியோடு செலுத்தினார்.

துவாரகாநாதர் விரும்பிய இருப்புப்பாதையை லண்டன் கம்பெனி போட்டது. 1854 ஆகஸ்டு 15-ல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி ஓடியது. 1855 பிப்ரவரியில் அது ராணிகஞ்சை எட்டியது. 1859-ல் வங்கத்துக் குடியானவர்கள் இனி அவுரி விதைப்பதில்லை என்று கிளம்பினர். 1860-ல் நீலக் கமிஷன் அவர்கள் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. டவுன் ஹால் கூட்டத்தில் கேட்கப்படாத சாட்சியம் முப்பது ஆண்டு கழித்துப் பதிவாயிற்று. அதே ஆண்டில் தீனபந்து மித்திரரின் 'நீல் தர்பண்' நாடகம் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சிட்டதற்காகப் பாதிரியார் லாங் ஒரு மாதம் சிறையில் இருந்தார்.

டிரஸ்டு எழுதிக் காத்த நிலங்கள் பேரனாரின் கைக்கு வந்தன. 1890-களில் ரவீந்திரநாதர் ஷிலைதஹத்திலும் ஷாஹஜாத்பூரிலும் படகில் தங்கி ஜமீனைக் கவனித்தார். காளிகிராமத்தின் தலைமைக் கச்சேரி இருந்த பதிசர், இன்று வங்கதேசத்தில் உள்ளது. அங்கே 1905-ல் குடியானவர்களுக்கென்று விவசாய வங்கி ஒன்றை ஏற்படுத்தி, லேவாதேவிக்காரரிடம் அவர்கள் பட்ட கடனைக் குறைந்த வட்டியில் தீர்க்க வழி செய்தார். 1913-ல் கிடைத்த நோபல் பரிசுத் தொகையின் பெரும்பகுதியை அந்த வங்கியிலேயே போட்டார். வட்டி சாந்திநிகேதனப் பள்ளிக்குப் போயிற்று. பின்னர் வங்கி நொடித்தபோது முதல் முழுதும் திரும்பி வரவில்லை.